அடுப்புக்குள் ஒன்பது வருஷம்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குக் கிடைத்த பொறுப்பு, ஒரு சூட்டுப் பெட்டிக்குக் காவல். உள்ளே 125 டிகிரி செல்சியஸ், 40 சர்க்யூட் போர்டுகள், 1000 மணி நேரம். கிட்டத்தட்ட ஆறு வாரம்.

ஒரு போர்டு வெளியில் 55 டிகிரியில் ஒன்பது வருஷம் உழைக்குமா என்று பார்க்க ஒன்பது வருஷம் காத்திருக்க முடியாதே. அதனால் சூட்டில் வைத்து அதன் வயதை வேகப்படுத்துவோம். சூடு ஏற ஏற வேதிமாற்றம் வேகமெடுக்கும் என்பதை ஸ்வீடன் வேதியியலாளர் அர்ரீனியஸ் 1889-இல் சமன்பாடாக்கினார். கிளர்வு ஆற்றல், அதாவது அந்த மாற்றம் தொடங்கத் தேவையான ஆற்றல், 0.7 எலக்ட்ரான் வோல்ட் என்று வைத்தால், 55 டிகிரியில் நடப்பது 125-இல் சுமார் 78 மடங்கு வேகமாக நடக்கும். 1000 மணி நேரம், கணக்கில் ஏறக்குறைய ஒன்பது வருஷம். அந்த 0.7-ஐ 0.5 ஆக்கிப் பாருங்கள்: 78 என்பது 22 ஆகிவிடும்! இதை அறிக்கையில் எவரும் கொட்டை எழுத்தில் போடுவதில்லை.

மூன்றாவது வாரம் கதவைத் திறந்தேன். தீய்ந்த பிளாஸ்டிக் வாசனை. ஒரு போர்டில் கனெக்டரின் உறை இளகி ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. பின்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. "ஃபெயில்" என்று உற்சாகமாக எழுதினேன்.

"இது வெளியில் 55 டிகிரியில் இளகுமா?" என்றார் சீனியர்.

இளகாது. நான் வயதை வேகப்படுத்தவில்லை, புதிதாக ஒரு நோயை உண்டாக்கியிருக்கிறேன். அந்த வரியை அடித்துவிட்டு, வேறு கனெக்டரோடு முதல் மணியிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம்.