முதல் வகுப்பு எந்தப் பாகத்தில்?

வேலை உத்தரவு வந்த அன்று சித்தி தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்: "எங்க அக்கா பொண்ணு புயல் விஞ்ஞானி ஆயிட்டா." விஞ்ஞானி இல்லை சித்தி, இந்திய வானிலை ஆய்வுத் துறையில் அறிவியல் உதவியாளர் என்று நான் திருத்தியது யார் காதிலும் விழவில்லை. முதுகலை, முனைவர் பட்டம் என்று படித்துக்கொண்டே போய் விஞ்ஞானியாக நுழைவது ஒரு வழி. பட்டப்படிப்போடு மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையத் (எஸ்.எஸ்.சி.) தேர்வு எழுதி, கருவிகளோடு வேலையைத் தொடங்குவது இன்னொன்று. எங்கள் வீட்டு நிலைமைக்கு இரண்டாவதுதான் கட்டுப்படியானது.

2022 செப்டம்பர் கடைசியில் அறிவிப்பு, 990 இடங்கள். டிசம்பரில் தேர்வு: 200 கேள்வி, இரண்டு மணி நேரம், அதில் பாதி இயற்பியல். பழைய பிளஸ் டூ புத்தகமும் கல்லூரி நோட்டும் கைகொடுத்தன. தேர்வு அவ்வளவுதான். அலைந்ததெல்லாம் காகிதத்துக்கு.

முதலில் சாதிச் சான்றிதழ். நம்மிடம் இருக்கிற பி.சி. சான்றிதழ் மாநில வேலைக்கு. மத்திய அரசுக்கு ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக, அவர்கள் படிவத்தில், கிரீமி லேயரில், அதாவது இடஒதுக்கீடு கிடைக்காத வசதியான பிரிவில், வரவில்லை என்ற வரியோடு வேண்டும். இ-சேவையில் போட்டேன், பத்தாவது நாள் நிராகரிப்பு. தாலுகா அலுவலகத்துக்கு நேரில் போனால் மேசையில் இருந்தவர் கால்குலேட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "அப்பா சம்பளம், அம்மா சம்பளம் ரெண்டையும் கூட்டினா எட்டு லட்சம் தாண்டுதும்மா." அப்பா அரசுப் பள்ளியில் ஆய்வக உதவியாளர், அம்மா சத்துணவு அமைப்பாளர். சம்பளமும் விவசாய வருமானமும் அந்தக் கணக்கில் சேரவே சேராது. 1993 செப்டம்பர் 8 தேதியிட்ட மத்திய அரசு ஆணையில் தெளிவாக இருக்கிறது. மறுநாள் அதை அச்செடுத்து, அந்த வரியைச் சிவப்பில் அடிக்கோடிட்டுக் கொண்டுபோய் வைத்தேன். இரண்டு முறை படித்தார், எழுந்து உள்ளே போனார். கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பு சான்றிதழ் கையில். ஆணையின் நகலை மட்டும் திருப்பித் தரவில்லை. "இருக்கட்டும்மா, இனிமே வர்றவங்களுக்கு ஆகும்."

இதைவிடப் பெரிய கூத்து பட்டச் சான்றிதழில். என்னுடையதில் முதல் வகுப்பு என்று அழகாக அச்சாகியிருக்கிறது. ஆனால் எங்கள் பல்கலைக்கழகத்தில் படிப்பையே பாகம் பாகமாகப் பிரித்திருப்பார்கள். முதல் பாகம் தமிழ், இரண்டாவது ஆங்கிலம், முதன்மைப் பாடமும் துணைப்பாடமும் மூன்றாம் பாகம். வகுப்பு போடுவது அந்த மூன்றாம் பாகத்துக்கு. அறிவிப்பு கேட்டதோ முதல் வகுப்பு, அதாவது 60 சதவீதம், அல்லது பத்துக்கு 6.75 கிரேடு புள்ளி. எதில் 60 என்று சான்றிதழ் சரிபார்ப்பில் கேட்டால் என்ன சொல்வாய் என்று தோழி ஒருத்தி கிளப்பிவிட்டாள். அன்று ராத்திரி தூக்கம் போனது. எழுந்து எல்லாப் பருவத்தையும் கூட்டினேன். தமிழில் முதல் பருவத்தில் 48 வாங்கியிருக்கிறேன் (இதைப் படிக்கிற தமிழாசிரியர்கள் மன்னிக்கவும்). மொத்தம் 61.3. தப்பித்தேன், ஆனால் என் கூட்டலை யார் ஏற்பார்கள்? பல்கலைக்கழகக் கடிதம் வேண்டும்.

பஸ்ஸில் மூன்று மணி நேரம். முதல் தடவை ரொக்கத்தோடு போனேன், டி.டி.தான் வேண்டுமாம். இரண்டாம் தடவை டி.டி.யோடு போனேன், "அந்த செக்‌ஷன் சார் லீவு, திங்கக்கிழமை வாங்க." பக்கத்து நாற்காலியில் இருந்தவருக்கு அந்த வேலை தெரியும் என்று வெளியே டீக்கடையில்தான் தெரிந்தது. மூன்றாம் தடவை கடிதம் வந்தது. பஸ் ஏறி டிக்கெட் எடுத்த பிறகு பிரித்தால், "பி.எஸ்சி. கணிதம்" என்று இருக்கிறது. நான் படித்தது இயற்பியல். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து, ஜன்னல் சாத்துவதற்குள் போய் நின்றேன். எந்தக் காகிதம் வாங்கினாலும் அந்த ஜன்னலில் நின்றே வரி வரியாகப் படியுங்கள். பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

சரிபார்ப்பு நாளில் அந்தக் கடிதத்தை என்னிடம் கேட்கவே இல்லை. நானாக நீட்டினேன், "வச்சுக்கோங்கம்மா" என்றார்கள். எனக்கு அடுத்து நின்ற தம்பியிடம் கேட்டார்கள். அவனிடம் இல்லை, பிறகு தருவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். வாசலில் அவனுக்கு எந்த அறை, எவ்வளவு டி.டி., யார் பெயருக்கு என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன்.

அப்புறம் புனேயில் பயிற்சி, அதன் பிறகு கடலோர நிலையம் ஒன்றில் பணி. முதல் வாரத்திலேயே மானம் போனது. காலை 8.30 அளவீட்டில் உலர்குமிழ் வெப்பமானியும் ஈரக்குமிழ் வெப்பமானியும் ஒரே எண்ணைக் காட்டின. கணக்குப் போட்டு ஈரப்பதம் 100 சதவீதம் என்று எழுதினேன். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மூத்தவர் ஒன்றும் பேசாமல் வெப்பமானிகள் இருக்கும் ஸ்டீவன்சன் பெட்டியைத் திறந்து, ஈரக்குமிழில் சுற்றியிருந்த மஸ்லின் துணியை விரலால் தொடச் சொன்னார். அப்பளம் மாதிரி காய்ந்து கிடந்தது. கீழே குப்பியில் தண்ணீர் இல்லை. துணியின் ஈரம் ஆவியானால்தான் ஈரக்குமிழ் குறைத்துக் காட்டும்; துணி காய்ந்தால் இரண்டும் ஒன்றுதான்.

2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல். கடலில் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவே இழுத்தடித்து, 29ஆம் தேதிதான் புயலானது. செயற்கைக்கோள் படத்தில் மேகச் சுருளைப் பார்த்து, டிவோராக் முறையில் அதன் வலிமைக்கு எண் போடுவது எனக்கு மேலே உள்ளவர்கள் வேலை. அந்த எண் 2.5ஐத் தொட்டால் புயல். என் வேலை மணிக்கொரு முறை கருவி பார்த்து அனுப்புவது. நடுவில் சித்தி போன்: "நாளைக்கு ஸ்கூல் லீவா?" அது கலெக்டர் கையில் சித்தி என்றால் நம்பவில்லை. 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. புதுச்சேரியில் ஒரு நாளில் சுமார் 48 சென்டிமீட்டர். எங்கள் மழை அளக்கும் குடுவை ஒரு தடவைக்கு 20 மில்லிமீட்டர்தான் பிடிக்கும். அதில் அளந்தால் 24 தடவை ஊற்ற வேண்டும்.

எங்கள் பக்கமும் அன்று ராத்திரி விடாத மழை. டார்ச்சோடு பெட்டியைத் திறந்தேன். இரண்டு வெப்பமானியும் ஒரே எண். இந்த முறை அது சரிதான். இருந்தாலும் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.