அதற்கு மேல் மலை இல்லை

இன்று மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவில் ஒரு வரையாடு, கொஞ்ச தூரத்தில் நின்று மேய்ந்துகொண்டிருந்தது. முன்னங்காலைப் பாறை விளிம்பில் ஊன்றி, கழுத்தை வளைத்து, இளம்புல்லாகப் பார்த்துப் பார்த்துக் கடித்தது. முற்றிய புல்லைச் சீண்டவே இல்லை.

தமிழ்நாட்டின் மாநில விலங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் இதற்கு உலகத்தில் வேறு காடு கிடையாது.

மலையில் ஒரு கிலோமீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். அப்படியானால் பூமி 1 டிகிரி சூடானால், பழைய குளிரைத் தேடி ஏறத்தாழ 170 மீட்டர் மேலே போக வேண்டும். இங்கே உயரமான சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். அதற்கு மேல் எங்கே போகும்?

புல்வெளி புல்வெளியாகவே இருப்பதில் உறைபனிக்குப் பெரிய பங்கு உண்டு. மர நாற்றுகளைக் கருக்கிவிடுவது அதுதான். பனி குறைந்தால் மரங்கள் உள்ளே வரும். வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவந்த வாட்டில் மரம் ஏற்கெனவே முண்டியடித்துக்கொண்டு நிற்கிறது.

கீழே கடலிலும் இதே கதை. மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் வெப்பம் தாங்காமல் பவளப்பாறைகள் வெளுத்தன. ஆமை முட்டை கிடக்கும் மணல் சூடேறினால் பொரிவதெல்லாம் பெண் குஞ்சாகிவிடும்.

இதையெல்லாம் காட்டு விலங்குகளின் பிரச்சினை என்று ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. இந்த மலைகளில் பெய்யும் மழைதான் பாம்பாறாக இறங்கி அமராவதி அணைக்கு வருகிறது. உடுமலை, தாராபுரம் வயல்கள் அந்தத் தண்ணீரில்தான் விளைகின்றன.