டேகேரில் விட்ட முதல் குளிர்காலம்

எங்கள் பையனை ஒன்றரை வயதில், 2022 செப்டம்பரில், கனடாவில் டொரண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில், வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு டேகேரில் சேர்த்தோம். மூன்றாவது வாரம் மூக்கு ஒழுக ஆரம்பித்தது, நின்றது அடுத்த ஏப்ரலில். நடுவில் நாலைந்து நாள் நிற்கும், அப்பாடா என்று உட்கார்வதற்குள் அடுத்தது வந்துவிடும். திருநெல்வேலியிலிருந்து வீடியோவில் பார்க்கும் அம்மாவுக்குத் தினமும் ஒரே கேள்விதான்: "பனியில பிள்ளைய வெளிய கூட்டிட்டுப் போனா சளி பிடிக்காம என்ன செய்யும்?"

எனக்கும் அதே எண்ணம்தான். எங்கள் மாகாணமான ஒன்டாரியோவில் முழுநாள் டேகேரில் இருக்கும் பிள்ளைகளை, வானிலை ஒத்துழைத்தால், தினம் இரண்டு மணி நேரம் வெளியே விட வேண்டும் என்று விதியே இருக்கிறது. மைனஸ் எட்டில் பதினைந்து பொடிசுகள் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்து போவதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இன்றைக்கு மட்டும் இவனை உள்ளே வைத்துக்கொள்ள முடியுமா என்று டீச்சரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "வெளியே இருக்கிற நேரம்தான் இவர்கள் ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் தும்மாத நேரம்" என்றார். அன்று சாயங்காலம் கூப்பிடப் போனபோது கண்ணாடி வழியே கொஞ்ச நேரம் பார்த்தேன். ஒரு சிவப்பு லாரி பொம்மை. ஒரு பிள்ளை அதன் சக்கரத்தைச் சப்பிவிட்டுக் கீழே போட்டது, இன்னொன்று எடுத்துச் சப்பியது, மூன்றாவதாகப் போய் வாங்கிக்கொண்டது யாரென்றால் நம்ம பிள்ளைதான். அப்புறம் நான் குளிரைக் குறை சொல்வதை விட்டுவிட்டேன். ஜன்னல் எல்லாம் சாத்திய அறை, ஹீட்டர் போட்டுக் காய்ந்த காற்று, பதினைந்து வாய், கிருமிக்கு வேறென்ன வேண்டும்?

டேகேர் போகிற சின்னப் பிள்ளைகளுக்கு வருடத்தில் எட்டுப் பத்துத் தடவை சளி பிடிப்பது சகஜம் என்று டாக்டர் சொன்னார். ஒரு தடவைக்குப் பத்து நாள் என்று வைத்தாலே எண்பது, நூறு நாள் ஆகிறது, அதில் முக்கால்வாசி அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் நடுவில் வரும். இந்தக் கணக்கு தெரிந்த பிறகுதான் "நான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லையோ" என்று ராத்திரி அழுவது நின்றது.

மருந்து விஷயத்தில் இங்கே கையைக் கட்டிப்போட்டது மாதிரி இருக்கும். கடையில் கிடைக்கிற இருமல், சளி சிரப் எதையும் ஆறு வயதுக்குள் கொடுக்கக்கூடாது என்பது கனடாவின் அறிவுரை. ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த பாட்டிலை டாக்டரிடம் காட்டினேன், வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சித் தடவலாமா என்று அம்மாவுக்காகக் கேட்டதற்கு, முகம் மாறி, கற்பூரம் சின்னப் பிள்ளைகளுக்கு விஷம், வீட்டில் எட்டுகிற இடத்தில்கூட வைக்காதீர்கள் என்றார். மிச்சம் இருப்பது மூக்கில் விடும் உப்புத்தண்ணீர் சொட்டு, சளியை உறிஞ்சி எடுக்கும் குழாய், ராத்திரி இருமலுக்கு அரை ஸ்பூன் தேன் (ஒரு வயது முடியாத பிள்ளைக்குத் தேன் கூடவே கூடாது), அப்புறம் பொறுமை. உப்புத்தண்ணீர் சொட்டை நான் முதலில் மதிக்கவே இல்லை. ஆனால் தூங்கப் போகுமுன் இரண்டு சொட்டு விட்டு மூக்கைச் சுத்தம் செய்தால் அவனும் தூங்கினான், நாங்களும் தூங்கினோம்.

அந்த வருடம் பார்த்து ஃப்ளூ, ஆர்எஸ்வி (சின்னப் பிள்ளைகளின் நுரையீரலைத் தாக்கும் ஒரு வைரஸ்), கோவிட் மூன்றும் சேர்ந்து சுற்றின, குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்துக்கு நாடு முழுக்கத் தட்டுப்பாடு. நவம்பரில் அரசாங்கம் வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டியதாயிற்று. நான்கு மருந்துக்கடை ஏறி இறங்கிவிட்டு வெறுங்கையோடு லிஃப்டில் நின்றபோது, கீழ் மாடி யாழ்ப்பாணத்து அன்ரிதான் விசாரித்து, பேரனுக்கு வாங்கியதில் பாதி பாட்டில் இருந்ததைக் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே ஒரு ஃபிளாஸ்க். "பிள்ளைக்குத் தடிமன் எண்டா நீங்கள் ரெண்டு பேரும் மல்லித்தண்ணி குடியுங்கோ, உங்களுக்கும் வந்தா பிள்ளைய ஆர் பாக்கிறது?" கொத்தமல்லியும் இஞ்சியும் போட்டு அவித்தது. சளியை அவர்கள் தடிமன் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அவர் கேட்ட கேள்விதான் நிஜமான பிரச்சினை. ஒன்டாரியோ சட்டப்படி பெரும்பாலான வேலைகளில் கட்டாயம் கிடைப்பது வருடத்துக்கு மூன்று நாள் நோய் விடுப்பு, மூன்று நாள் குடும்பப் பொறுப்பு விடுப்பு, ஆறுக்கும் சம்பளம் கிடையாது. அதற்கு மேல் கிடைப்பது கம்பெனியின் மனசு. எங்கள் டேகேரில் காய்ச்சல் வந்தால் மருந்து இல்லாமல் ஒரு நாள் முழுக்கச் சூடு இல்லாமல் இருந்தால்தான் திரும்பச் சேர்ப்பார்கள், வாந்தி பேதி என்றால் இரண்டு நாள். ஒரு செவ்வாய்க்கிழமை, தவறவிடவே முடியாத மீட்டிங், காலையில் லேசாகச் சுட்டது, காய்ச்சல் மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். மருந்தின் வேகம் எவ்வளவு நேரம் நிற்கும்? 11.20க்கு போன் வந்தது. போய்ப் பார்த்தால் டீச்சர் மடியில் சுருண்டு கிடந்தான், கன்னம் இரண்டும் தக்காளி. டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது. அதற்குப் பிறகு அக்டோபரிலேயே நானும் கணவரும் உட்கார்ந்து, எந்த நாள் யார் முறை என்று ஃபிரிட்ஜில் காலண்டர் ஒட்டிவிடுகிறோம்.

புதிதாக வருகிறவர்களுக்கு: கையுறை மூன்று ஜோடி வாங்குங்கள், பனியில் ஒரு ஜோடி பத்து நிமிடத்தில் நனைந்துவிடும், ஈரக் கையுறையைவிட வெறும் கையே மேல் என்கிற அளவுக்குக் குளிரும். எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள். மஃப்ளர் அனுப்பினால் திருப்பி அனுப்புவார்கள், சறுக்குமரத்தில் மாட்டிக் கழுத்தை இறுக்கும் என்பதால் தலை வழியாகப் போடும் கழுத்துறைதான். காரில், பனிக்குப் போடும் தடித்த ஸ்னோசூட்டோடு சீட்டில் கட்டாதீர்கள், பெல்ட் உடம்போடு ஒட்டாது. கழற்றிக் கட்டிவிட்டு மேலே போர்வை போடுங்கள். ஃப்ளூ ஊசி ஆறு மாதத்திலிருந்து போடலாம், முதல் தடவை நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி. வயிற்றுக் கிருமி வந்தால் சானிடைசரை நம்பாதீர்கள், நோரோ வைரஸ் அதற்கு அவ்வளவாக மசியாது, சோப்பும் தண்ணீரும்தான். நம்பியதால் ஒரே வாரத்தில் மூன்று பேரும் படுத்தோம். ராத்திரி சந்தேகம் வந்தால் 811க்கு போன் செய்தால் நர்ஸ் பேசுவார். ஆனால் மூச்சு விடும்போது விலா எலும்புக்கு நடுவில் குழி விழுந்தாலோ, உதடு நீலம் பூத்தாலோ நர்ஸிடம் பேசிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே அவசர உதவி எண் 911.

இரண்டாவது குளிர்காலத்தில் பாதிகூட வரவில்லை. போன மாதம் வீடியோவில் அப்பா வாயை மூடாமல் இருமினார். இவன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து, முழங்கையைத் தூக்கி மூக்கில் வைத்துக் காட்டி, "தாத்தா, இப்படி!" என்று அதட்டினான். அப்பாவும் ஒழுங்காக வேட்டியை இறுக்கிக்கொண்டு முழங்கையில் ஒரு தடவை இருமிக் காட்டினார்.