52 ஆண்டுக்கு ஒரு இருட்டு

மெக்சிகோவை அந்தக் காலத்தில் ஆண்ட அஸ்டெக்குகளின் புது நெருப்பு விழாவைப் பற்றி நேற்று ராத்திரி படித்தேன், இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. அவர்களுக்கு 365 நாள் காலண்டர் ஒன்று, 260 நாள் சடங்குக் காலண்டர் ஒன்று. இரண்டும் சேர்ந்து தொடங்கிய இடத்துக்கே திரும்பி வர 52 ஆண்டு ஆகும். அந்த 52 ஆண்டு முடிகிற ராத்திரி உலகமே முடிந்துபோகலாம் என்று நிஜமாகவே பயந்தார்கள். மெக்சிகோ பள்ளத்தாக்கு முழுக்க அடுப்பை அணைத்துவிட்டு, பழைய சட்டி பானைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு இருட்டில் காத்திருப்பார்கள். கர்ப்பிணிகளின் முகத்தில் கற்றாழை மடல் முகமூடி. பிள்ளைகள் தூங்கினால் எலியாகிவிடுவார்களாம், அதனால் அம்மாக்கள் விடிய விடியத் தட்டி எழுப்பிக்கொண்டே இருப்பார்கள். அந்த அம்மாக்களை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் உச்சியைத் தாண்டியதும் குன்றின் மேல் பூசாரிகள் ஒரு கைதியின் மார்பில் கட்டையை வைத்துத் தீக்கடைவார்கள், அவன் இதயமும் அந்தத் தீக்கே. கொடூரம்தான், அதை மழுப்ப வேண்டாம். அப்புறம் அந்த நெருப்பு பந்தம் பந்தமாக ஊரெங்கும் ஓடும்.

கடைசியாக நடந்தது 1507இல். அடுத்தது 1559இல் வந்திருக்க வேண்டும், ஆனால் 1521லேயே ஸ்பானியர்கள் அஸ்டெக்குகளின் தலைநகரான தெனோச்டிட்லானைப் பிடித்துவிட்டார்கள்.