சின்னுவின் இடது கண்ணும் அம்மாவின் சொட்டு மருந்தும்

தக்கலைக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டில் சின்னு என்னும் இரண்டு வயதுப் பெண் பூனை வளர்கிறாள். ஆடிச் சாரல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், மீன்காரம்மாவின் குரல் கேட்டதுமே வாசலுக்கு ஓடிவிடும் அவள், அன்று திண்ணை மூலையை விட்டு அசையவில்லை. சாளைத் தலையைக் கொண்டுபோய் வைத்ததும் தின்றாள். ஆனால் இடது கண்ணைத் திறக்கவில்லை. குனிந்து பார்த்தபோது இமை பாதி மூடியிருந்தது. நீர் வழிந்து மூக்கோரம் வரை ரோமம் நனைந்திருந்தது. உள்மூலையிலிருந்து வெளிறிய சவ்வு ஒன்று விழியின்மேல் ஏறியிருந்தது. அது பூனைகளுக்குரிய மூன்றாவது இமை என்பதும், கண் வலிக்கும்போது அது வெளியே தெரியும் என்பதும் மருத்துவர் சொன்ன பிறகே எனக்குத் தெரிந்தன.

பக்கத்து வீட்டு அக்கா இளநீர்க் குழம்பு என்னும் கண் மருந்தை விடச் சொன்னார். மனிதர் கண்ணிலேயே காந்தும் அந்த மருந்தைப் பூனைக்கு விட எனக்கு மனம் வரவில்லை. அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்தபோது கொடுத்த சொட்டு மருந்து பாதி மீதமிருந்ததால், அதை எடுத்து மூடியைத் திறந்தும்விட்டேன். உறையில் டெக்ஸாமெத்தசோன் என்றிருந்ததைக் கண்டு, அது இன்னதென்று தெரியாமல் விடுவது தவறு என்று தோன்றவே திரும்ப மூடி வைத்தேன். அன்று நான் செய்தவற்றில் மிகச் சரியானது அதுதான்.

பழைய கடவம் என்னும் கூடையில் துணி விரித்து அவளை வைத்து, மேலே துவர்த்து என்னும் துண்டைக் கட்டி, ஆட்டோவில் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். தும்மல் உண்டா, தீனி எடுக்கிறாளா, வேறு பூனையோடு சண்டை போட்டாளா என்று அவர் முதலில் விசாரித்தார். பூனைகளின் கண் நோய்க்கு ஹெர்பெஸ் வைரஸ் அடிக்கடி காரணமாவதால் தும்மலைப் பற்றிக் கேட்டதாகச் சொன்னார். பிறகு ஆரஞ்சு நிறச் சாயத்தைக் கண்ணில் இட்டுக் கழுவி, நீல விளக்கை அடித்தபோது, கருவிழியின் ஓரத்தில் அரிசிக் குறுநொய் அளவில் ஒரு புள்ளி பச்சையாக ஒளிர்ந்தது. கருவிழியின் மேல்தோல் உரிந்த இடத்தில் மட்டுமே அந்தச் சாயம் பிடிக்குமாம். சற்று நேரத்தில் அவள் மூக்குத் துவாரத்திலும் பச்சை கசிய, நான் பதறிவிட்டேன். கண்ணீர்க் குழாய் அடைபடாமல் மூக்குவரை திறந்திருப்பதற்கு அதுவே அடையாளம் என்று அவர் விளக்கினார். அம்மாவின் மருந்தைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் மாறியது. அது ஸ்டீராய்டு என்றும், கருவிழியில் புண் இருக்கும்போது விட்டால் புண் ஆறாமல் ஆழமாகிக் கண்ணையே துளைத்துவிடக்கூடும் என்றும் சொன்னார்.

நுண்ணுயிர்க்கொல்லிச் சொட்டு மருந்தை நாளுக்கு நான்கு வேளை விட வேண்டியிருந்தது. முதல் நாள் முன்பக்கமிருந்து பிடித்ததில் என் கை முழுதும் கீறல். அடுத்த நாள் துவர்த்தால் உடலைச் சுற்றி, எனக்கு முதுகு காட்டியபடி மடியில் இருத்தி, தாடையை லேசாக உயர்த்தி, மேலிமையைப் பெருவிரலால் விலக்கிப் பின்பக்கமிருந்து விட்டேன். குப்பியின் முனை வருவது அவளுக்குத் தெரியவில்லை, முனை கண்ணில் படவும் இல்லை. அதற்கு முன்பு, கொதிக்கவைத்து ஆற்றிய நீரில் நனைத்த பஞ்சால் பீளையை உள்மூலையிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைப்பேன். ஒருமுறை துடைத்த பஞ்சை மறுபடி தொடமாட்டேன். முடிந்ததும் ஒரு துண்டு அவித்த சாளை. மூன்றாம் நாளிலிருந்து துவர்த்தைக் கண்டதும் அவளே மடியேறினாள்.

கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்புதான் அவளுக்குப் பெரிய துன்பம்; கதவு நிலையில் இடித்து நிற்பதைப் பார்க்கப் பாவமாயிருந்தது. ஆனாலும் கண்ணைக் காலால் தேய்த்துவிடுவாள் என்பதால் கழற்றவில்லை. ஏழாம் நாள் மீண்டும் சாயமிட்டுப் பார்த்தபோது பச்சை எங்கும் பிடிக்கவில்லை. வீடு திரும்பியதும் கூம்பைக் கழற்றினேன். கழுத்தை வெகுநேரம் நக்கிக்கொண்டிருந்தாள். அலமாரியிலிருந்த அம்மாவின் பழைய குப்பியை அன்றே அப்புறப்படுத்தினேன்.