12 வோல்ட்டுக்கு 12 வோல்ட் டிரான்ஸ்பார்மரே வாங்கின கதை

பழைய கார் ஸ்டீரியோ ஒன்னு வீட்ல சும்மா கெடந்துச்சு, சரி அதுக்கு ஒரு பவர் சப்ளை பண்ணலாம்னு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போய் 12 வோல்ட் 1 ஆம்ப் டிரான்ஸ்பார்மர், ஏசியை டிசியாக்குற பிரிட்ஜ் (நாலு டயோடு), அதை சமப்படுத்துற 2200 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், வெளிய 12 வோல்ட்டை சீரா குடுக்குற ஒரு 7812 ரெகுலேட்டர் எல்லாம் வாங்கிட்டு வந்து சால்டர் பண்ணி முடிச்சேன். மெதுவா வச்சா நல்லா பாடுது, கொஞ்சம் சவுண்ட் ஏத்துனா பாட்டை விட ஹம்முங்கிற உறுமல் தான் ஜாஸ்தி. அரை மணி நேரத்துல டிரான்ஸ்பார்மர் மேல கை வைக்க முடியல.

கடைக்காரரை திட்டிட்டே கணக்கு போட்டுப் பார்த்தா தப்பு என்னோடது தாங்க. 12 வோல்ட் ஏசியோட பீக் (உச்சம்) சுமார் 17, பிரிட்ஜ்ல ரெண்டு டயோடு 1.4 தின்னுடும், மிச்சம் 15.6. பரவால்லையேனு தோணும், ஆனா 1 ஆம்ப் இழுக்கும்போது 2200 மைக்ரோல ரிப்பிள் (வோல்ட் ஏறி இறங்குற அளவு) மட்டும் 4 வோல்ட் கிட்ட வரும், அப்போ அடிமட்டம் 11 சொச்சம். 7812க்கோ உள்ள 14 ஆவது இருக்கணும். அந்தப் பள்ளம் செகண்டுக்கு 100 தடவை வருது, அதான் ஸ்பீக்கர்ல ஹம்மா கேக்குது.

சூடு வேற விஷயம். கெபாசிட்டர் கரண்ட்டை சீரா வாங்காது, பீக்ல மட்டும் லபக்குனு புடுங்கும், அதனால டிசில 1 ஆம்ப் வேணும்னா டிரான்ஸ்பார்மர் 1.6லேர்ந்து 1.8 ஆம்ப் தாங்கணும். மேல எழுதியிருக்கிற ஆம்ப் ஏசி ஆம்ப், இதை எனக்கு யாரும் சொல்லித் தரல. 12 விஏ (12 வோல்ட், 1 ஆம்ப் பெருக்கினது) டிரான்ஸ்பார்மர்ல 15 வாட் கேட்டா அது எங்க போகும் பாவம்.

அடுத்து வாங்குனது 15 வோல்ட் 2 ஆம்ப், கூட 4700 மைக்ரோ. எங்க ஏரியால வெயில் காலத்துல சாயங்காலம் கரண்ட் லைன் 230 வோல்ட்லேர்ந்து 190க்கு இறங்கிடும், அப்போ 15ங்கிறது 12.4 ஆகிடும், பீக் 17.5, டயோடு ரிப்பிள் எல்லாம் கழிச்சா சரியா 14. தப்பிச்சேன்! 18 வோல்ட் வாங்கிருந்தா இன்னும் நிம்மதி தான், ஆனா எக்ஸ்ட்ரா வோல்ட் எல்லாம் 7812 தலைல சூடா இறங்கும், இப்பவே நார்மல் லைன்ல 6, 7 வாட் வருது, பெரிய ஹீட் சிங்க் போட்டிருக்கேன்.

கெபாசிட்டர் 25 வோல்ட்டுது வாங்கிடாதீங்க. சின்ன டிரான்ஸ்பார்மர் லோடு இல்லாதப்போ 20 பர்சென்ட் வரைக்கும் ஏத்திக் குடுக்கும், அன்னிக்குனு பார்த்து லைன் 250 வந்தா 26, 27 வோல்ட் நிக்கும். 35 வோல்ட்டே போடுங்க, பிரைமரில (கரண்ட் லைன் பக்கம்) சட்டுனு போகாத ஒரு ஸ்லோ ப்ளோ ஃப்யூஸும்.

அந்த 1 ஆம்ப் டிரான்ஸ்பார்மர் வீணாகல, இப்போ 200 மில்லிஆம்ப் இழுக்குற ரேடியோவை ஜில்லுனு ஓட்டிட்டு இருக்கு.