பச்சைப் பெட்டிக்குள்ள இருந்த பேப்பர்

நான் 1998 இல ரொறன்ரோவுக்கு வந்த புதுசில டவுன்ரவுணில ஒரு ரெஸ்ரோறன்ற்றில கோப்பை கழுவினனான், வேலை முடிஞ்சு சப்வேக்கு நடக்கிற வழியில பச்சைப் பெட்டி ஒண்டு, உள்ளுக்க கட்டுக் கட்டா பேப்பர், காசு போட ஓட்டையே இல்ல. முதல் நாள் களவெடுக்கிற மாதிரி அங்க இங்க பாத்திட்டுத்தான் ஒண்டை உருவினனான். அதுதான் 'நவ்', வியாழனுக்கு வியாழன் வரும். எங்க கச்சேரி, எங்க வாடகைக்கு ரூம், மேயரை இந்தக் கிழமை என்ன சொல்லிக் கிழிச்சிருக்கினம், எல்லாம் அதிலதான் பாக்கிறது. பின்பக்க விளம்பரங்கள் மட்டும் ஒரு மாதிரி, அதால அக்கா வீட்டுக்குப் போக முன்னம் அந்தத் தாளுகளைக் கிழிச்சு சப்வே குப்பைத்தொட்டியில போட்டிடுவன்.

சும்மா குடுத்து எப்பிடிக் கட்டுபடியாகுது எண்டு கனநாள் யோசிச்சனான். 1981 இல மைக்கல் ஹொலெற், அலிஸ் க்ளைன் எண்ட ரெண்டு பேர் தொடங்கினது, விளம்பரக் காசிலதான் ஓடினது, எங்கட தமிழ்க்கடை வாசலில கிடக்கிற பேப்பர் மாதிரித்தான். 1991 இல ரொறன்ரோ ஸ்டார் எண்ட பெரிய தினப் பேப்பரின்ர கொம்பனி 'ஐ' எண்டு போட்டிக்கு ஒண்டை இறக்கினது, பிறகு 'த கிறிட்' எண்டு பேரை மாத்திப் பாத்தும் சரிவராம 2014 இல மூடினவை. பெரிய முதலாளியின்ரது படுத்திட்டுது, சின்னது நிக்குது எண்டு எனக்கு உள்ளுக்க ஒரு சந்தோசம்.

அது கன காலம் இல்ல. 2016 இல ஹொலெற் விலகினார், 2019 கடைசியில ஷெயர் மார்க்கெற்றில பதிஞ்ச மீடியா சென்ட்ரல் எண்ட கொம்பனிக்கு 'நவ்'வை 2 மில்லியன் டொலருக்கு வித்தாச்சு. அவை அடுத்த வருசமே வன்கூவரில 1967 இல இருந்து வாற ஜோர்ஜியா ஸ்ட்ரெயிற் எண்ட ஓசிப் பேப்பரையும் வாங்கினவை. அந்த நேரம் பாத்து கொரோனா, கச்சேரியும் இல்ல, சாப்பாட்டுக்கடையும் பூட்டு, பிறகு ஆர் விளம்பரம் தாறது? 2022 இல கொம்பனி வங்குரோத்து. அங்க வேலை செய்த சனம் சம்பளம் இல்லாமலும் கொஞ்சநாள் இழுத்துக்கொண்டு போனது. 2023 இல முந்தி டிவியில வேலை செய்த பிராண்டன் கோனெஸ் எண்டவர் 'நவ்' எண்ட பேரை வாங்கி ஒன்லைனில நடத்துறார், மகன் போனில வீடியோ பாக்கிறான்.

தமிழ்க்கடையில இண்டைக்கும் கத்தரிக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில ஓசிப் பேப்பர் அடுக்கிக் கிடக்கு. மனிசி ரெண்டு எடுப்பா, ஒண்டு எனக்கு, மற்றது மீன் வெட்ட விரிக்க.